கீறலை வெட்டிய எண்

அவரைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள், நரைத்து முறுக்கிய மீசை. முதன்முதல் அவர் என் கடைக்கு வந்த அன்று, வாசலை மறித்து பைக்கை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரை மஃப்டி போலீஸ் என்று நினைத்துச் சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வெளியில படுத்திருக்கே நாய், அது உங்களுதாங்களா? கடிக்குமா?"

திருச்சி தில்லை நகரில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முன்னால் பிரேம்கள், பின்னால் தடுப்புப் போட்ட சின்ன இருட்டறை. அங்கே நானே பார்வை சோதித்துப் பவர் எழுதித் தருவேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டிக்கொண்டு உட்காரச் சொல்லி, கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கோடு ஒன்றைப் பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி அங்கே உண்டு. அதன் முன்னால் உட்காரவே அவர் தயங்கினார். "இது ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்று இரண்டு தடவை கேட்டார். பரிசோதனை முடிந்த பிறகோ எழுந்திருக்க மனமில்லாமல் கருவியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த லைட்டைப் பக்கவாட்டுல சாய்க்கலாங்களா?"

"சாய்க்கலாம் சார்."

"எவ்வளவு மெலிசா வேணும்னாலும் வைக்கலாமா?"

வைக்கலாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சின்னப் பூரி அளவில் ஒரு பாக்கெட் வாட்ச். வெள்ளைப் பீங்கான் முகத்தில் கறுப்பாகப் பெரிய பெரிய எண்கள். அதை, வருகிறவர்கள் தாடை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா, ஒரே நிமிஷம் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் வெளியே மூன்று பேர் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படித்தான் பழக்கம் ஆயிற்று. வாரத்தில் ஏதாவது ஒரு மத்தியானம், கடையில் ஆள் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். பையில் யாராவது கொடுத்த வாட்ச் இருக்கும். சில சமயம் வாட்ச்சுக்குச் சொந்தக்காரரே கூட வருவார்.

வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே கம்பெனிகள் கார்டுகளுக்கும் டிரைவர்களுக்கும் கொடுத்த வாட்ச்சுகள் அவை. பின்மூடியில் கம்பெனியின் எழுத்துகளும் ஒரு நம்பரும் வெட்டியிருக்கும். பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் திருச்சியில் இன்றைக்கும் பழைய பீரோக்களிலிருந்து இவை வெளியே வருகின்றன. வாங்கிச் சேர்ப்பவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். வாங்க ஆள் இருந்தால் போலி செய்யவும் ஆள் இருக்கும். சாதாரணப் பழைய வாட்ச் ஒன்றின் மூடியில் ரயில்வே எழுத்துகளை வெட்டிவிடுவார்கள். ஒரு வாட்ச்சின் மெஷினை இன்னொன்றின் கூட்டில் பொருத்துவார்கள். பீங்கான் முகத்துக்குப் பதிலாக அச்சடித்த தகட்டை ஒட்டுவார்கள். உண்மை எது, போலி எது என்று சொல்வதற்கு இவரிடம் வருவார்கள்.

காசு வாங்கமாட்டார். பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டபோது, "வாங்கினா பொறுப்பாயிடும்ல? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?" என்றார்.

"பொய்" என்ற சொல்லையும் அவர் உபயோகிப்பதில்லை. வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் சுற்றி நீட்டுவார். "எனக்குப் பயமா இருக்குங்க" என்பார். அவ்வளவுதான். அவரைத் தெரிந்தவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். உண்மையான வாட்ச்சாக இருந்தால் அதுவும் சொல்லமாட்டார். வாட்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு காபி சொல்லுங்களேன், சர்க்கரை தூக்கலா" என்பார். காபி என்றதும் வாட்ச்சுக்காரரின் முகம் மலர்ந்துவிடும்.

இத்தனை வாட்ச் பார்த்தவர் தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொண்டதில்லை. மணிக்கட்டில் கறுப்பு பிளாஸ்டிக்கில் பேட்டரி வாட்ச். நல்லதாக வைத்திருந்தால் திருடன் வருவான் என்று பயம். லிஃப்டில் ஏறமாட்டார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டார், கட் பண்ணவும் மாட்டார். அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீட்டுப் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். "அங்க உக்காந்தா ஒரு மனுஷனுக்கு எப்படியெல்லாம் ஆபத்து வரும்னு தெரிஞ்சுடும்ங்க. குளியலறையில, மாடிப்படியில, தென்னமரத்தடியில..." என்று அவர் அடுக்க ஆரம்பித்தால் எனக்கே என் கடையின் மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கத் தோன்றும்.

ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக அவரோடு ஒரே பஸ்ஸில் ஏறினேன். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிய நேரம். பாலத்தின் இணைப்புகளில் பஸ் ஏறி இறங்கும்போது தடக் தடக் என்று சத்தம் வரும். அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஜன்னல்களில் எல்லாரும் எட்டி எட்டி வெள்ளத்தைப் பார்த்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் கூடச் சிரித்தார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நான் அவரைப் பார்த்து நிறையச் சிரித்திருக்கிறேன். அந்த வியாபாரி வரும்வரை.

வியாபாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, விளிம்பில்லாத கண்ணாடி, மெதுவான குரல். ஊர் மதுரை என்று ஒரு நாள் சொன்னார், சென்னை என்று இன்னொரு நாள். பழைய சாமான்கள் வாங்கி விற்பதாகச் சொன்னார். கொண்டுவந்த முதல் இரண்டு வாட்ச்சுகளும் உண்மையானவை. இரண்டு தடவையும் காபி வந்தது. ஆனால் அவர் கிளம்பியதும் சார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இவரு ஏங்க செருப்பை வாசல்ல கழட்டிட்டு வராரு?"

"மரியாதைக்காக இருக்கும் சார்."

"உங்க கடைக்கு வேற யாராச்சும் கழட்டிட்டு வராங்களா?"

யாரும் இல்லைதான். அதற்கும் நான் சிரித்தேன்.

மூன்றாவது தடவை வியாபாரி தனியாக வரவில்லை. முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் வாழை விவசாயி, எழுபதை ஒட்டிய வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, விரல்களில் வாழைக்கறை. அந்தம்மா ஒரு மஞ்சள் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

பெரியவரே தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா ரயில்வே கார்டு. இவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே, ஒரு அடைமழையில் ரயிலின் கடைசியில் இருந்த கார்டு வண்டி தடம் புரண்டு அப்பா இறந்துபோனார். உடல் வந்தது. சட்டையில் குத்தியிருந்த பித்தளை நம்பர் வில்லை வந்தது. வாட்ச் மட்டும் வரவில்லை.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சுங்கய்யா. அந்த வாட்ச்சு எங்கயோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்டான்னு. நான் அப்பா மொகத்தைப் பாத்ததில்ல. போட்டோவும் கெடையாது. அதனால விசாரிச்சுக்கிட்டே இருந்தேன். இவரு ஆறேழு மாசம் முந்தி வீட்டுக்கு வந்தாரு. வில்லையைப் பாத்தாரு, போன்ல படம் புடிச்சுக்கிட்டாரு. தேடிக் குடுக்கறேன்னாரு. குடுத்துட்டாருய்யா!"

மனைவி அவர் முழங்கையைத் தொட்டார்.

"மருமகப்புள்ளதான், பணத்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி எதுக்கும் திருச்சியில ஒரு சார் இருக்காராம், அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கன்னாரு," என்றார் அந்தம்மா.

வியாபாரி சிரித்த முகமாகவே இருந்தார். "நானும் அதைத்தான் சொன்னேன். சார் பாத்துட்டா உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி." வாட்ச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். பின்மூடியில் ரயில்வேயின் எழுத்துகள், அதன் கீழே ஒரு நம்பர். பெரியவர் தன் இடுப்பு மடிப்பிலிருந்து பித்தளை வில்லையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே நம்பர்.

நாங்கள் எல்லாரும் இருட்டறைக்குள் போனோம். சார் முதலில் லென்ஸை வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்மூடியில் பழைய ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிவைத்த அடையாளங்களைப் பார்த்தார். மெஷினைப் பிடித்திருந்த திருகுகளைப் பார்த்தார். முகத்தைச் சாய்த்து ஒளியில் பிடித்தார். எனக்கு அவருடைய தோள்கள் தளர்வது தெரிந்தது. நல்ல வாட்ச். இதோ காபி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு வாட்ச்சைக் கவிழ்த்துத் தாடைத் தாங்கியில் நிற்க வைத்து, ஒளிக்கோட்டை மெலிதாக்கி, முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தார்.

அப்படியே அசையாமல் இருந்தார். அறைக்குள் வாட்ச் ஓடும் சத்தம் கேட்டது. பெரியவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து இடம் விட்டார். இதற்கு முன் என்னை அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

பார்த்தேன். உருப்பெருக்கத்தில் அந்த மூடி, மாட்டுவண்டிகள் போய்ப் போய்த் தடம் விழுந்த மண்சாலைபோல இருந்தது. யாரோ ஒருவர் பல வருஷம் பையில் போட்டு எடுத்து உண்டான ஆயிரம் கீறல்கள். ரயில்வே எழுத்துகளின் மேலாகவும் அந்தக் கீறல்கள் போயின. எழுத்தின் ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. நம்பரிடம் வந்ததும் மாறியது. கீறல்கள் நம்பரின் மேல் ஏறவில்லை. ஒவ்வொரு கீறலும் நம்பரின் ஓரம்வரை வந்து அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடர்ந்தது. நம்பர்தான் கீறல்களை வெட்டியிருந்தது. அதன் ஓரங்கள் பிளேடுபோலக் கூராக இருந்தன.

கீறல் விழுந்த பிறகு வெட்டிய எண்கள். எனக்கே புரிந்தது.

நான் எழுந்ததும் சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெரியவரின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

பெரியவருக்கு விளங்கவில்லை. "எதுக்குய்யா பயம்? நல்ல காரியம்தானே?" என்றார்.

வியாபாரி மெல்லச் சிரித்துக்கொண்டு சாரின் தோளில் கை வைத்தார். "சார் சுபாவமே அப்படித்தாங்க. எதுக்கெடுத்தாலும் பயப்படுவாரு. வாட்ச்சுல ஒரு குறையும் இல்ல, இவ்வளவு பழசைக் கையில எடுக்கவே பயமா இருக்குங்கறாரு. அப்படித்தானே சார்?"

தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். அந்தக் கை தோளிலேயே இருந்தது. சாரின் மீசைக்கு மேல் வியர்வை முத்துமுத்தாக நின்றது. கண் என்னிடம் வந்து, சுவருக்குப் போய், அந்தம்மாவின் மஞ்சள் பையில் நின்றது. வாய் திறந்தது, மூடியது. அவர் தலையாட்டிவிடவேண்டும் என்று நான் அந்தக் கணத்தில் மனசார வேண்டிக்கொண்டேன். அந்தக் கையைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயம்.

"இல்லீங்க," என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வாட்ச் பழசு. ரயில்ல ஓடினது. மெஷின், முகம், கூடு, கம்பெனி எழுத்து எல்லாம் சரி. இந்த நம்பர் மட்டும் புதுசு. இப்ப கொஞ்ச நாளைக்குள்ள வெட்டினது. அதுவுமில்லாம, நான் பாத்த வரைக்கும் வாட்ச்சுல ஆளோட வில்லை நம்பரைப் போட்டதில்லீங்க. வாட்ச்சுக்குன்னு தனி நம்பர்தான் இருக்கும்."



"அப்ப இது யாரு வாட்ச்சு?" என்று பெரியவர் கேட்டார்.

"தெரியலீங்க. யாரோ ஒருத்தர் ரொம்ப வருஷம் பையில வச்சிருந்திருக்காரு. உங்கப்பாவோடதுன்னு சொல்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல. உங்க வில்லையைப் பாத்துட்டு வெட்டியிருக்காங்க."

பெரியவர் வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கண் மூடியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை மேஜையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க போவோம், பஸ்ஸு போயிரும்," என்றார் மனைவி. வெளியே போகும்போது பெரியவர் சாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதை நன்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழவு சொல்ல வந்தவனை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல இருந்தது.

அவர்கள் போன பிறகும் வியாபாரி போகவில்லை. அவசரமில்லாமல் வாட்ச்சை மெத்தென்ற துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் தொடச்சுக் குடுங்கம்மா. தூசியா இருக்கு."

துடைத்தேன். ஒரு தடவை கண்ணாடி கையிலிருந்து நழுவப் பார்த்தது. அவர் பொறுமையாக நின்றார். மாட்டிக்கொண்டு, சாரை நன்றாகப் பார்த்தார்.

"உங்க பொண்ணு ஓசூர்லதானே சார் இருக்காங்க?"

சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல ஊரு. கிளைமேட் நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சாரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. மகளுக்கு போன் போட்டார். அவள் எடுக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான். சாப்பிட்டியா?" என்றார்.

போலீஸில் சொல்லலாம் என்றேன்.

"என்னன்னு சொல்றதுங்க? என் பொண்ணு இருக்கற ஊரைக் கேட்டாரு, கிளைமேட் நல்லா இருக்குன்னாருன்னா?"

அவர் சொன்னது சரி. புகாராக எழுதிக்கொடுக்க எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த வாரம் என் கடைக்கு எதிரே, கரும்புச்சாறு வண்டியின் பக்கத்தில், சிவப்பு பைக்கில் ஒருவன் உட்கார்ந்திருப்பதாக சார் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். ஹெல்மெட் போட்ட யாரோ போன் பார்த்துக்கொண்டிருந்தான். தில்லை நகரில் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் இப்படி நூறு பேர் தெருவில் காத்திருப்பார்கள். மறுநாள் அதே பைக்கை ஸ்ரீரங்கத்தில் தன் சந்து முனையில் பார்த்ததாகச் சொன்னார். அதே பைக்தானா என்று கேட்டேன். "தெரியலீங்க. சிவப்பு பைக்கு," என்றார். பொருளைப் பார்த்து அத்தனை நிச்சயமாகச் சொல்கிறவருக்கு இதில் நிச்சயமில்லை. அதுதான் அவரை வதைத்தது என்று நினைக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் போன்களை மனைவி எடுத்தால் சிலதில் யாரும் பேசுவதில்லை என்றார். எனக்கும்தான் அப்படிப் போன்கள் வருகின்றன. எல்லாருக்கும் வருகின்றன.

பிறகு சார் கடைக்கு வருவது நின்றுபோயிற்று. இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். காலையில் பால் வாங்கப் போனபோது பின்னாலிருந்து ஒரு டூவீலர் இடித்துவிட்டதாம். நிற்காமல் போய்விட்டதாம். வலது மணிக்கட்டில் முறிவு.

ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். சித்திரை வீதிக்குப் பின்னால் குறுகலான சந்தில் அவர் வீடு. கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள்கள் போட்டிருந்தன. அவர் மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் திறந்தார். "அந்த ரோட்டுல தினம் நாலு பேரு விழறாங்க. இவரு என்னடான்னா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கதவை மறுபடியும் தாழிட்டார். அவருக்கும் பயம் தொற்றிவிட்டது என்று புரிந்தது.

சார் உள் அறையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய உடம்பு சுருங்கிப்போயிருந்தது. மீசையை முறுக்காமல் விட்டிருந்தார்.

"பைக் சிவப்பா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"பாக்கலீங்க. பின்னால வந்துச்சு."

மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீங்க தலையாட்டியிருக்கலாமே சார். யாருக்குத் தெரியப்போவுது? அந்தப் பெரியவரும் சந்தோஷமாப் போயிருப்பாரு."

"ஆட்டிடலாம்னுதாங்க நெனச்சேன்," என்றார். "என்னை என்னவோ தைரியசாலின்னு நெனச்சுக்காதீங்க. அந்த ஆளு கைய வச்சதுமே முடிவு பண்ணிட்டேன், சரின்னு சொல்லிடுவோம்னு. வாயைக்கூடத் தொறந்தேன். வரலீங்க." இடது கையால் கட்டைத் தடவிக்கொண்டார். "கண்ணுல பட்டுருச்சே. பட்டதுக்கப்புறம் எப்படிங்க?"

முறிந்த எலும்பு கூடியது. ஆனால் விரல்களில் நடுக்கம் தங்கிவிட்டது. லென்ஸையும் வாட்ச்சையும் சேர்ந்தாற்போலப் பிடிக்க முடியவில்லை. ஓசூருக்கு வந்துவிடச் சொல்லி மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவர் போகவில்லை. தான் போனால் ஆபத்து தன் பின்னாலேயே அங்கே வரும் என்று நினைத்தார். கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவியின் உறவுக்காரர்கள் இருக்கும் வேறொரு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயரை எழுதாததற்கும் அதுதான் காரணம்.

அவர் போன பிறகு மழைக்காலம் ஒன்று கழிந்தது. ஒரு முன்பகலில் நான் பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

"கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும்மா. பாத்துச் சொல்லுங்களேன்," என்றார் வியாபாரி.

முடியாது என்று எப்படிச் சொல்வது? கடை திறந்திருக்கிறது, வந்தவர் கண்ணைக் காட்டவேண்டும் என்கிறார். இருட்டறைக்குள் அழைத்துப் போனேன். தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கை அணைத்தேன். ஒளிக்கோட்டைப் பாய்ச்சினேன். அவருடைய கண் என் பார்வை முழுவதையும் நிறைத்துக்கொண்டு நின்றது.

"சார் இப்ப இங்க வர்றதில்லையா?"

"இல்லீங்க. தாடையை அசைக்காதீங்க."

"எங்க இருக்காரு?"

"தெரியாதுங்க."

அந்தக் கண் இமைக்கவில்லை. ஒளி நேராக உள்ளே பாய்ந்தும் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் அதே மெதுவான குரலில்.

"சொல்லிக்காமப் போயிட்டாங்க. எங்கன்னு யாருக்கும் தெரியலை." என் குரல் எனக்கே திடமாகக் கேட்டது. "வலது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்குக் கண்ணாடி மாத்தினா போதும். வருஷம் ஒரு தடவை காட்டிக்குங்க."

"எனக்கு அவரு மேல கோபமே கிடையாதும்மா. பாத்தா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

ஒரு பிரேம் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி அந்த வாரமே தயாராகிவிட்டது. இன்னும் வாங்கிக்கொள்ள வரவில்லை. கொடுத்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. மேஜை இழுப்பறையில் அது இருக்கிறது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.

சார் எப்போதாவது வேறு வேறு நம்பர்களிலிருந்து கூப்பிடுவார். தெரியாத நம்பர்களை இப்போது நானும் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உடனே மறுபடி அடித்தால் அவர் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. போன வாரம் அப்படிக் கூப்பிட்டார். அங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் இல்லை என்றார். என் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார்.

"கடைக்கு யாராச்சும் வந்தாங்களாங்க?"

"யாரும் வரலை சார்."

இணைப்பு போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அந்தக் கண்ணு பாக்கற மெஷினைக் கதவைப் பாத்தாப்பல திருப்பிப் போட்டுக்குங்க," என்றார். "வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காராதீங்க."

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கருவி இருந்த மேஜையை நகர்த்தினேன். கனமாக இருந்தது. பக்கத்துக் கடை மருந்துக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு கை பிடிக்கச் சொன்னேன். எதற்கு இப்படி மாற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டார். இந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் என்று சொன்னேன்.